ஒரே கார், ஒன்பது சொந்தக்காரர்கள்

குடும்பத் தலைவர்: பெண், வயது ஐம்பத்திரண்டு. கல்வி: தொடக்கப்பள்ளி, முடிக்கவில்லை. தொழில்: சொந்த நிறுவனம் நடத்துபவர். வீட்டில் இருப்போர்: இருவர். கார்: உண்டு. ஃப்ரிட்ஜ்: உண்டு. வாஷிங் மெஷின்: உண்டு. தண்ணீர்: வீட்டுக்குள் குழாய். உடல் உழைப்பு: குறைவு. பொருளாதார நிலை: ஐந்து படிகளில் மேல்படி.

சுகாதார அலுவலகத்தின் வீட்டுக் கணக்கெடுப்பு இப்படி வர்ணித்திருந்த சீமாட்டியைத் தேடி யாராவது அந்த நான்கு மாடிக் கட்டடத்துக்குப் போயிருந்தால், மாடிப்படிக்கு அடியில் வியர்வை சொட்ட இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பவளிடம்தான் வழி கேட்டிருப்பார்கள். அவளும் தலையை நிமிர்த்தாமல், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்றுதான் சொல்லியிருப்பாள்.

சொன்னவளும் அவளே, தேடப்பட்டவளும் அவளே. அந்த வர்ணனையில் ஒரு வரிகூட அதிகாரிகள் கற்பனை செய்ததல்ல. எல்லாம் அவள் வாயால் வந்தது. முழுப் பொய் என்றும் எதையும் தள்ளிவிட முடியாது. வாஷிங் மெஷின் இருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் வீடு மாறும்போது, தூக்கிப்போக அலுப்புப்பட்டு விட்டுப்போனது. அதன் தலையில் பழைய கம்பளியை மடித்துப் போட்டு அதன் மேல்தான் அவள் இஸ்திரி போட்டாள். உயரம் அவளுக்கென்றே அளவெடுத்த மாதிரி இருந்தது. ஃப்ரிட்ஜ் இருந்தது. உள்ளே தட்டுத் தட்டாக மடித்த சட்டைகள். எலி நுழையாது, தூசி படியாது. குழாய் இருந்தது. தண்ணீர் மட்டும் தெருமுனைத் தொட்டியிலிருந்து அவள் இடுப்பேறி வந்தது. கார் முற்றத்தில் நின்றது. எப்போதோ குடியிருந்த ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுப்போன கார். சக்கரங்களில் காற்று இல்லை, முன்பக்கம் திறந்து பார்த்தால் என்ஜினும் இல்லை. வெளுத்து வந்த துணி மூட்டைகளை அவள் அதன் பின் இருக்கையில்தான் போட்டுவைப்பாள். தினமும் காரைப் பயன்படுத்துகிறவள் கார் இல்லை என்று எந்த வாயால் சொல்வாள்?

உடல் உழைப்பு விஷயம் இன்னும் நேர்த்தி. சொந்த நிறுவனம் என்று அவள் சொன்னதுமே, கணக்கெடுக்க வந்த பெண்ணின் கையிலிருந்த டேப்லட், வேலையில் எடை தூக்குவீர்களா என்ற கேள்வியைத் தானாகவே தாண்டிக் குதித்துவிட்டது. முதலாளிகள் உட்கார்ந்திருப்பவர்கள் என்பது அதன் நம்பிக்கை. மிச்சமிருந்தது ஒரே கேள்வி.

"ஓட்டம், நீச்சல், விளையாட்டு, ஏதாவது உண்டாக்கா?"

"நீச்சலா? குளிக்கவே தண்ணி இல்ல, போம்மா."

உழைப்பு: குறைவு.

அவளைக் கட்டடத்தில் கஞ்சிக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை, ஆள் உள்ளே இல்லாவிட்டாலும் நிமிர்ந்து நிற்கும். அவளும் அப்படித்தான். கொஞ்சமும் வளைய மாட்டாள். குறிப்பாக நாத்தனார் பார்த்துக்கொண்டிருந்தால்.

நாத்தனார் இருந்தது முதல் மாடியில். பள்ளிச் சீருடை தைப்பவள்; கஞ்சிக்காவின் கணவருக்குத் தங்கை. கஞ்சிக்கா மாடிப்படிக்கு அடியில் கடை போட்ட நாளில், கட்டடமே கேட்க, "அங்கயா அண்ணி? அது விளக்குமாறு வைக்கிற இடமாச்சே" என்று சொன்னவள். சும்மா சொன்னதாகத்தான் அவள் இன்று வரை சாதிக்கிறாள். ஆனால் அதற்கப்புறம் அந்த விளக்குமாறு இடத்துக்குள் எது வந்தாலும் அவளுக்குத் தெரியும்படி, சத்தமாக, இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தூக்கவைத்துத்தான் வந்தது. ஃப்ரிட்ஜ் வந்தபோது அதன் வயரைச் சுவர்ப் பிளக்கில் குத்தியும் வைத்தாள் கஞ்சிக்கா. உயிர் இல்லாத ஃப்ரிட்ஜுக்குப் பிளக் எதற்கு என்று கேட்கக்கூடிய ஒரே ஆள் அவள் கணவர். அவருக்கு வாயை எங்கே மூடவேண்டும் என்று தெரியும்.

லாரியில் சரக்கு ஏற்றி இறக்கிய மனிதர் அவர். சர்க்கரை வந்தது, பாதத்தில் புண் வந்தது, மாடிப்படியை ஒட்டிய கீழ்த்தள வீட்டில் கட்டிலோடு ஆனார். முற்றத்துக்கு எதிரே இருந்த அறையில் சுகாதார அலுவலகம் ஒரு நர்ஸை உட்காரவைத்திருந்தது. அந்த நர்ஸம்மாதான் ஒருநாள் விட்டு ஒருநாள் அவர் காலைச் சுத்தம் செய்து கட்டுப்போடுவார். பெரிய ஆஸ்பத்திரி இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தூரம். ஊன்றுகோலோடு ஒரு பஸ்ஸே ஏற முடியாது. கட்டு விட்டுப்போனால் விரல் போகும், அப்புறம் பாதம் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனவே எதிர் அறை திறந்திருந்தால் கால் இருக்கும். கணக்கு அவ்வளவு சுலபமானது.

கணக்கெடுப்புப் பெண் வந்த அன்று இதெல்லாம் யாருக்கும் நினைவில்லை.

தனியாக வைத்துத்தான் கேட்கவேண்டும் என்பது விதி. அந்தப் பெண்ணும் கதவைச் சாத்தத்தான் பார்த்தாள். ஆனால் அந்தக் கட்டடத்தில் பட்டப்பகலில் ஒரு கதவு சாத்தப்பட்டால், உள்ளே யாரோ செத்திருக்க வேண்டும், அல்லது யாரோ யாரையோ அடித்திருக்க வேண்டும். அவள் தாழ்ப்பாளில் கைவைப்பதற்குள் நாலு பேர் வந்து "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டார்கள். அதனால் வாசலிலேயே உட்கார்ந்து கேட்டாள்.

"குடும்பத் தலைவர் யாரு? ஐயாவா?"

"நானா?" என்றார் கட்டிலிலிருந்து கணவர். "என் தலையே அவ சொன்னாத்தான் ஆடும். அவளையே போடும்மா."

"கார் இருக்காக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் கஞ்சிக்கா வாயைத் திறந்தாள். அதே சமயம் மேலே, முதல் மாடிக் கைப்பிடிச் சுவரில், பழக்கமான இரண்டு முழங்கைகள் வந்து ஊன்றின.

"இருக்கே. அதோ நிக்குதே, கண்ணு தெரியலையா?"

அங்கேதான் ஆரம்பித்தது. அடுத்து நாத்தனார் வீடு.

"கார் இருக்கா மேடம்?"

"அண்ணி வீட்ல இருந்தா எங்க வீட்ல இல்லாமப் போயிடுமா? இருக்கு."

"எந்தக் கார்?"

"அதேதான்."

டேப்லட்டில் 'உண்டு' என்று ஒரு கட்டம், 'இல்லை' என்று ஒரு கட்டம். 'அதேதான்' என்பதற்குக் கட்டம் இல்லை. பெண் 'உண்டு' தட்டினாள். அப்புறம் ஏலம்தான். மேல்மாடிக்காரர்கள் கீழ்மாடியைவிடக் குறைந்தா போவார்கள்? ஒரு வீட்டில் கார், ஃப்ரிட்ஜ் என்றால் அடுத்த வீட்டில் கார், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின். மூன்றாம் மாடியில் ரிட்டயரான டிராயிங் மாஸ்டர், கார், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தொண்டையைக் கனைத்து, "அப்புறம், கம்ப்யூட்டர்" என்றார். கணக்கெடுப்பு மொட்டைமாடியை எட்டியபோது ஒரே கார் ஒன்பது குடும்பங்களுக்குச் சொந்தமாகியிருந்தது. அன்று சாயங்காலம் கட்டடமே ஒரு சுற்றுப் பருத்துத் தெரிந்தது.

செய்தியைக் கொண்டுவந்தவர் நர்ஸம்மாதான். கட்டுப்போட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"அக்கா, அடுத்த மாசத்துலேர்ந்து இந்த அறை இங்க இல்ல. ஏழைங்க இருக்கற பக்கமா மாத்தறாங்க."

"இங்க இருக்கறவங்க யாராம்?"

"பணக்காரங்களாம். சர்வேல அப்படித்தான் வந்திருக்கு. வீட்டுக்கு வீடு கார் இருக்காமே?"

கட்டிலில் இருந்தவர் தன் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டு, "நல்லவேளை, கப்பல் இருக்குன்னு சொல்லல" என்றார்.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு அவள் சுகாதார அலுவலகத்துக்குப் போனாள். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேஜை முழுக்க அதையே தேடிக்கொண்டிருந்த அதிகாரி ஒருவர் அவளை உட்காரச் சொன்னார்.

"சார், அந்தக் கார் ஓடாது."

"ஓடுமான்னு நாங்க கேக்கலையேம்மா."

"ஏன் கேக்கல?"

அதிகாரி யோசித்தார். நல்ல மனிதர், நியாயமான கேள்வி என்று அவருக்கே பட்டது. "அது... கேள்வியில இல்ல" என்றார். "உங்க வீட்டுக்கு நீங்க மாத்திச் சொல்லலாம். ஆனா ஒரு வீடு மாறினாக் கட்டடம் மாறாது. எல்லா வீட்டையும் சேர்த்துத்தான் பாப்போம். வியாழக்கிழமை நானே வர்றேன், மறுபடியும் கேக்கறேன். அப்பவும் அதே பதில்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"சார், உங்க கண்ணாடி நெத்தியில இருக்கு."

"அட."

வியாழக்கிழமைக்குள் அவள் ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏறினாள். ஏறுவது அவளுக்குப் புதிதில்லை. தேய்த்த துணியோடு தினமும் ஏறுகிற படிதான். வெறும் வார்த்தையோடு ஏறியதுதான் மூச்சு வாங்கியது.

டிராயிங் மாஸ்டர் காது கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு யாரு சொன்னா? நான் அதைப் போடறதில்ல. அவ்வளவுதான்" என்றார். நான்காம் மாடிக்காரி, "நாங்க மட்டும் சொல்லி, மத்தவங்க சொல்லலேன்னா? எங்க மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?" என்றாள். எல்லா வீட்டிலும் இதே பதில், குரல்தான் வேறு. நர்ஸம்மா போகக்கூடாது என்பதில் கட்டடம் முழுக்க ஒரே கருத்து. பக்கத்து வீடு முதலில் சொல்லட்டும் என்பதிலும் ஒரே கருத்து.

கடைசியாக நாத்தனார். தையல் மெஷினை நிறுத்தாமலே பேசினாள்.

"கார் இருக்குன்னு ஆரம்பிச்சது யாரு அண்ணி? நீங்க. இப்ப உண்மை சொல்லணும்னு வந்து நிக்கறதும் நீங்க. எல்லாத்துலயும் நீங்கதான் முதல்ல."

"உன் அண்ணன் காலுடி அது."

மெஷின் நின்றது. "என் அண்ணன் காலுக்கு என் உயிரையே குடுப்பேன்."

"உயிரெல்லாம் வேணாம். ஃப்ரிட்ஜ் ஓடலேன்னு சொன்னாப் போதும்."

"அது மட்டும் முடியாது."

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. கஞ்சிக்கா இறங்கி வந்தாள்.

"என்ன சொல்றா என் தங்கச்சி?"

"உயிரத் தர்றாளாம்."

"அப்ப ஃப்ரிட்ஜத் தரமாட்டா" என்றார் கணவர். அப்புறம், "நீ மட்டும் தந்திடுவியாக்கும்" என்றார்.

அவள் சட்டை ஒன்றை எடுத்து விரித்து, ஏற்கெனவே தேய்த்திருந்த கையையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

வியாழக்கிழமை காலை அதிகாரி வந்தார். கூடவே டேப்லட்டோடு அந்தப் பெண்ணும். முற்றத்தில் நாற்காலி போட்டார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வேறு ஏதோ வேலையாக வந்தவர்கள் மாதிரியே வந்து நின்றார்கள். டிராயிங் மாஸ்டர் கையில் பால் பாத்திரம் வைத்திருந்தார். அந்த நேரத்துக்குப் பால்காரன் வரமாட்டான் என்று எல்லாருக்கும் தெரியும். மாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கைகள் ஊன்றியிருந்தன.

"சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி. "கார் இருக்கா?"

அவள் முதலில் நிமிர்ந்து மேலே பார்த்தாள். அப்புறம் அதிகாரியைப் பார்க்காமல், மேலே பார்த்தபடியே பேசினாள்.

"இல்ல சார். அன்னிக்குச் சொன்னது பொய். என் நாத்தனா பாத்துக்கிட்டிருந்தா, அதனால சொன்னேன். இந்த ஃப்ரிட்ஜ் வந்த நாள்லேர்ந்து பொணம். வயரு சும்மா குத்தி வெச்சிருக்கேன், இவ பாக்கறதுக்காக. வாஷிங் மெஷின் எனக்கு மேஜை. நான் நிறுவனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. விளக்குமாறு வைக்கிற இடத்துல உக்காந்து துணி தேய்க்கிறேன்."

போய் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரியவில்லை. டிராயிங் மாஸ்டரின் சட்டை மேல்தட்டில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

மேலே முழங்கைகளைக் காணோம். போச்சு, உள்ளே போய்விட்டாள் என்று எல்லாரும் நினைத்த சமயத்தில், நாத்தனார் படியிறங்கி வந்தாள். கஞ்சிக்காவுக்கு நேர் எதிரே வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. அது கோபமா, அழுகையா என்று சொல்ல முடியாது. அவளுக்கு இரண்டுக்கும் ஒரே முகம்.

"பெருசா சொல்ல வந்துட்டாங்க. உங்க ஃப்ரிட்ஜாவது துணி வைக்க ஆகுது அண்ணி. என்னுது கதவே திறக்காது. வாங்கின மறுமாசமே மூடினது. உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது!"

யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் தடுக்க முடியவில்லை. ஏலம் மறுபடி ஆரம்பித்தது, இந்தத் தடவை கீழ்நோக்கி.

"எங்க வாஷிங் மெஷின் சுத்தும் சார், ஆனா அதுமட்டும்தான் சுத்தும், துணி நிக்கும்!"

"எங்க வீட்ல அதுகூட இல்ல, வெறும் பெட்டிதான்!"

டிராயிங் மாஸ்டர் பால் பாத்திரத்தைக் கீழே வைத்தார். "கம்ப்யூட்டர்னு சொன்னேனே, அதுக்குள்ள ஒண்ணும் கிடையாது. பிரஷ் வெச்சிருக்கேன்" என்றார். சொல்லிவிட்டு, இத்தனை வருஷமாகச் சுமந்த ஏதோ ஒன்றை இறக்கி வைத்தவர் மாதிரி மூச்சு விட்டார்.

நம்மவர்களுக்கு உற்சாகம் வந்துவிட்டால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. பெருமையில் முந்தியவர்கள் இப்போது வறுமையில் முந்த ஆரம்பித்தார்கள். ஃபேன் ஓடாது என்றார் ஒருவர். எங்களுக்கு லைட்டே எரியாது என்றார் அடுத்தவர். "எங்க வீட்ல டிவி கூட செத்துப்போச்சு சார்" என்றாள் நாத்தனார். நான்காம் மாடிக்காரி தங்களுக்குக் கட்டிலே இல்லை என்றாள்.

அதிகாரி டேப்லட்டை வாங்கி மடியில் கவிழ்த்துவைத்தார்.

"போன தடவை எல்லார்கிட்டயும் எல்லாம் இருந்துச்சு. இந்தத் தடவை யார்கிட்டயும் எதுவும் இல்ல. நான் எதைத்தாம்மா நம்பறது? ரெண்டும் பொய்னு எழுதினா பழைய கணக்குதான் நிக்கும்." நாற்காலியை விட்டு எழுந்தார்.

அறை மறுபடியும் கைவிட்டுப் போகிறது என்று கஞ்சிக்காவுக்குப் புரிந்தது. வழியை மறித்து நின்றாள்.

"நம்பாதீங்க சார். யாரையும் நம்பாதீங்க. என்னையும் சேர்த்துத்தான். வாங்க, நீங்களே ஒவ்வொரு வீட்லயும் சுவிட்ச் போட்டுப் பாருங்க. ஓடறதுன்னா ஓடறதுன்னு எழுதுங்க. ஓடலேன்னா ஓடல." திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். "எவளாவது கட்டில ஒளிச்சு வெச்சா நானே காட்டிக் குடுப்பேன்."

அதற்கப்புறம் நடந்ததை அந்தக் கட்டடம் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. அதிகாரி முன்னால், டேப்லட் பெண் அடுத்து, கஞ்சிக்கா அடுத்து, பின்னால் ஒன்பது குடும்பமும் படியேறியது. கட்டிலில் கிடந்தவரையும் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டார்கள். காலுக்குச் சொந்தக்காரர் இல்லாமல் இந்த ஊர்வலம் எப்படி? அதிகாரி சுவிட்சைப் போடுவார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். ஓடாவிட்டால் ஆரவாரம். ஓடினால் அதைவிடப் பெரிய ஆரவாரம். நான்காம் மாடியில் ஒரு ஃபேன் தயங்கித் தயங்கி, கிறீச்சிட்டு, ஒரு சுற்று சுற்றி நின்றபோது, "இதுக்கு எதைப் போடறது சார்?" என்று டேப்லட் பெண் கேட்டாள். அதிகாரி அண்ணாந்து பார்த்து, "முயற்சி பண்ணுது" என்றார். 'இல்லை' என்று போட்டார்கள். அந்த வீட்டுக் கட்டில் அறைக்கு நடுவிலேயே இருந்தது. அதன் மேல் ஏறி நின்றுதான் பாதிப் பேர் ஃபேனைப் பார்த்தார்கள்.

நாத்தனார் வீட்டு டிவியில் பொத்தானை அமுக்கியதும் பளிச்சென்று படம் வந்தது, முழு சத்தத்தில் யாரோ பாடினார்கள். நாத்தனார் சுவரைப் பார்த்தாள்.

"ஓடுது, எழுதிக்குங்க சார்" என்றாள் கஞ்சிக்கா. "நல்லாவே ஓடும். இஸ்திரிப் பெட்டிச் சத்தத்துலயும் எனக்குக் கீழ கேக்கும்."

"உங்களுக்குக் கேக்கணும்னுதான் அண்ணி வெக்கிறேன்" என்றாள் நாத்தனார். நாற்காலியில் இருந்த அண்ணன் சிரித்த சிரிப்பில் தூக்கினவர்கள் ஒரு தடவை தடுமாறினார்கள்.

ஒவ்வொரு வீடாக, ஓடுகிறது, ஓடவில்லை என்று உள்ளது உள்ளபடி எழுதினார்கள். கடைசியாக அதிகாரி முற்றத்தில் காரின் முன்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். என்ஜின் இருக்கவேண்டிய இடத்தில் வானம் தெரிய ஒரு குளம் மழைத்தண்ணீர் நின்றது. மூடிவிட்டு, ஒன்பது 'உண்டு'களையும் தன் கையாலேயே 'இல்லை' ஆக்கினார்.

கட்டடம் மேல்படியிலிருந்து இறங்கி, அடியிலிருந்து இரண்டாம் படிக்கு வந்து சேர்ந்தது. இவ்வளவு சந்தோஷமாக யாரும் படியிறங்கி நாம் பார்த்ததில்லை. நர்ஸம்மாவின் அறை அங்கேயே இருந்தது. கட்டுகள் ஒருநாள் விட்டு ஒருநாள் தொடர்ந்தன. ஐந்து விரல்களும் பத்திரமாக இருக்க, புண் மெல்ல மூடியது. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் ஒரு நாள் தானே படியேறித் தங்கை வீட்டுக்குப் போனார். பின்னால் அண்ணி வருகிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தங்கை அழுதாள்.

அந்த வியாழக்கிழமை செய்ததைப் பெரிய காரியம் என்று கஞ்சிக்காவிடம் யாராவது சொன்னால், "துணி தேய்க்கணும், தள்ளு" என்பாள். அவள் செய்தது இதுதான்: தான் சொன்னது பொய் என்று, எல்லார் முன்னாலும், தன் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தே, முதல் ஆளாகச் சொன்னாள்.